விரலிலிருந்து மேலே

குடத்தைத் தரையில் வைத்துவிட்டு அம்மணி இரண்டடி பின்னால் போனாள்.

"நான் ஊத்த மாட்டேன்கா. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

கொல்லையில் நான்கு கீற்றுகளைக் கட்டி மறைப்பு போட்டிருந்தார்கள். உள்ளே பலகை மேல் தையலம்மாள். மூன்று நாள் காய்ச்சல், நாலாம் நாள் மூச்சுத் திணறல், விடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது. முகத்துக்கு மஞ்சள் பூசியாயிற்று, தலைக்கு எண்ணெய் வைத்தாயிற்று. இடது காலுக்கு வந்ததும் கைகள் நின்றுவிட்டன. பாதத்தை மூடி முழங்காலுக்குக் கீழே வரை வெள்ளைத் துணிக் கட்டு. சுற்றி நின்ற ஐந்து பெண்களும் அதையே பார்த்தார்கள்.

மறைப்புக்கு வெளியே தையலம்மாளின் புருஷன் குழந்தைவேல் நின்றிருந்தார். குளிப்பாட்டும் இடத்தில் ஆண்களுக்கு வேலையில்லை. காதுக்கு மட்டும் வேலை இருந்தது.

அவர் அக்கா கோகிலாம்பாள் கீற்றை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அவளுக்குக் குட்டந்தானே, அந்தப் பெருவியாதி?"

"இல்லக்கா. புண்ணு."

"ஏழு வருசமாவாடா ஒரு புண்ணு? ஒருத்திக்கும் காட்டல, ஒருத்தியையும் கட்ட வுடல. சோரியாங்குப்பமே பேசுது."

"பேசட்டும்."

"பேசினா பரவால்ல. ஒருத்தியும் கை வைக்க மாட்டேங்கிறாளே! குட்டம்னா எரிக்கவும் கூடாது. பாயில சுத்தி ஆத்தோரம் பொதைச்சுட வேண்டியதுதான். குளிப்பாட்டவும் வேணாம், கோடியும் வேணாம்."

குழந்தைவேலுக்குப் பதில் தெரியும். வாயைக் கட்டிப்போட்டவள் உள்ளே பலகையில் கிடந்தாள்.

ஏழு வருஷத்துக்கு முன் ஒரு நடவு முடிந்த கையோடு ஆரம்பித்தது. கெண்டைக்காலில் நரம்பு பாகற்கொடி மாதிரி சுருண்டு புடைத்தது. கணுக்காலுக்கு மேலே அரிப்பு. அரிப்பு புண்ணாயிற்று. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டார்கள், புண் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தது. கடைசியில் வண்டி கட்டிக்கொண்டு பாகூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே கட்டுக் கட்டுகிற இன்னாசிமுத்து, அவள் காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. பிறகு ஊசியால் லேசாகக் குத்தினார். அவள் "யம்மா!" என்றாள்.

"வலிக்குதில்ல? அப்ப இது குட்டம் இல்ல. ரத்தம் மேல ஏறாம கால்லயே தேங்குது, அவ்ளோதான். மருந்து கால் பங்கு, கட்டு முக்கால் பங்கு. விரல்லேருந்து மேல சுத்தணும். கணுக்கால்ல இறுக்கம், மேல போகப் போக லேசு. விடிஞ்சதும் கால் தரையில படறதுக்கு முன்ன கட்டிடணும். கட்டிலு கால்மாட்டுக்கு அடியில ரெண்டு செங்கல் வெச்சு ஒசத்துங்க. இந்தம்மா தானே குனிஞ்சு கட்டினா இறுக்கம் நிக்காது, வேற ஆள்தான் கட்டணும்."

"யாரு கட்டறது?" என்று கேட்டார் குழந்தைவேல்.

இன்னாசிமுத்து துணிச்சுருளை அவர் கையிலேயே வைத்தார்.

முதல் நாள் அவள் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டபோது தையலம்மாள் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். "பெத்த ஆத்தா காலையாவது ஒரு நாள் புடிச்சிருப்பீங்களா?" என்றாள். பிறகு விளக்கைக் காட்டிச் சத்தியம் வாங்கினாள். "நீங்க கட்டறீங்கன்னு வெளிய தெரியக் கூடாது. ஆம்பளை பொண்டாட்டி காலைப் புடிக்கிறாருன்னு ஊரு சிரிச்சுதுன்னா இந்தக் காலை வெட்டி எறிஞ்சுடுவேன்."

துணி இரண்டு. ஒன்று காலில், ஒன்று கொடியில். தானே கட்டிக்கொள்வதாக அவள் ஊருக்குச் சொன்னாள். ஊர் நம்பியது.

திருபுவனையிலிருந்து அவள் தம்பி அரங்கநாதன் கோடிப் புடவையோடு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது.

"இன்னா மாமா இது? எங்கக்காவக் குளிப்பாட்டாம வெச்சிருக்கீங்க?"

கோகிலாம்பாள் முந்திக்கொண்டாள். "கூடப் பொறந்தவன் வந்துட்ட இல்ல? நீயே போய் அந்தக் கட்ட அவுத்துடு, பாக்கலாம்."

அரங்கநாதன் மறைப்பைப் பார்த்தான். கையிலிருந்த கோடியைப் பார்த்தான். கோடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். அதற்கு மேல் அசையவில்லை.

"அப்ப பாய் கொண்டாரச் சொல்லவா?" என்றாள் கோகிலாம்பாள்.

குழந்தைவேல் கீற்றை விலக்கி உள்ளே போனார்.

"டேய், பொம்பளைங்க இருக்கற எடம்டா!"

அவர் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். இடது காலைத் தூக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டார். செருகியிருந்த நுனியைப் பார்க்காமலே உருவினார். துணி ஒரு கையிலிருந்து அவிழ அவிழ மறு கையில் சுருளாகச் சேர்ந்தது. ஒரு சுற்றுகூடப் பிசகவில்லை. முதல் தடவை செய்கிறவன் கை இல்லை அது. கோகிலாம்பாளுக்கு அது புரியச் சிறிது நேரம் பிடித்தது.

"எத்தினி நாளாடா இது?"

"ஏழு வருசம்."

"தெனமுமா?"

"தெனமும்."

வெளியே ஆண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். "அடேங்கப்பா, காலையில இதான் வேலையா?" என்று ஒரு குரல். குழந்தைவேலின் காது மடல் சிவந்தது. கை நிற்கவில்லை.

கடைசிச் சுற்றும் வந்துவிட்டது. ஐந்து விரலும் முழுசாக இருந்தன. கணுக்காலைச் சுற்றித் தோல் பனைமட்டை மாதிரி கறுத்து இறுகியிருந்தது. அதன் நடுவில் இளஞ்சிவப்பாக, ஈரமில்லாமல் ஒரு சின்னப் புண்.

"உள்ளங்கை அளவு இருந்துச்சு. புளியங்கொட்டை அளவுக்கு வந்துடுச்சு" என்றார் யாரையும் பார்க்காமல். "தை மாசத்துக்குள்ள மூடிக்கும்னாரு, ஆஸ்பத்திரிக்காரரு."

அம்மணி குடத்தைத் தூக்கினாள். முதல் தண்ணீரைக் காலில்தான் ஊற்றினாள். குழந்தைவேல் எழுந்து வெளியே போனார்.

குளிப்பாட்டி, கோடி உடுத்தி, பூ வைத்தார்கள். பாடையில் கிடத்தப் போகும்போது, கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு குழந்தைவேல் மறுபடி வந்தார். விரலிலிருந்து ஆரம்பித்தார்.

"இனிமே எதுக்குடா கட்டு?" கோகிலாம்பாளின் குரல் தணிந்திருந்தது.

"இன்னும் தரையில கால் வைக்கலியேக்கா."

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே வந்ததும் அவர் நுனியைச் செருகிவிட்டு நகர்ந்துகொண்டார். அரங்கநாதன் தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்தான். பெண்ணையாற்றங்கரையில் எரித்தார்கள்.

திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கொல்லைக் கொடியில் காலையில் அவிழ்த்த துணி தொங்கியது. அம்மணி அலசிப் போட்டிருக்க வேண்டும். குழந்தைவேல் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. எடுத்துத் தொடைமேல் வைத்து இறுக்கமாகச் சுருட்டினார். நுனியை உள்ளே செருகினார்.

உள்ளே போய் வழக்கம்போல் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார். அடியில் செங்கல் இரண்டும் அப்படியே இருந்தன. சுருள் மெல்ல உருண்டு, சரிவில் இறங்கி, தலையணையில் முட்டி நின்றது.