சரிந்த காந்தாரம்

எங்கள் குழுவில் ஒரே ஒரு சட்டம். யாராவது தப்பாக வாசித்துவிட்டால் மற்ற இரண்டு பேரும் நிறுத்தக் கூடாது. அந்தத் தப்பின் பின்னாலேயே போக வேண்டும். ஜாஸ் என்றால் அப்படித்தான் என்று அளந்துவிட்டவன் நான்தான். நாசரேத் சபை பேண்டில் சாக்ஸபோன் படித்து, துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலை பார்க்கிற ஜாபேஸ் என்ற எனக்கு மேதாவித்தனம் கொஞ்சம் கூடுதல்.

ட்ரம்ஸ் வாசிக்கும் முத்துச்செல்வம் உடனே ஒப்புக்கொண்டான். நாகசுரம் சுடலைக்கண்ணன் அண்ணன் சிரித்தார். கோயில் கொடை விழாக்களில் நையாண்டி மேளத்தோடு ஊதியவர்தான். ஆனாலும் முறையாகப் பாடம் கேட்டவர். ஒரு சுரம் இடம் மாறினால் அவருக்குச் சோறு இறங்காது.

அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. ஊதுவதைக் குறைக்காவிட்டால் ஆபத்து என்று டாக்டர் எச்சரித்திருந்தார். கச்சேரிக்குக் கிளம்பும்போதெல்லாம் அவர் மனைவி இந்துமதி மதினி என்னிடம்தான் பார்த்துக்கொள்ளச் சொல்லுவார். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டுவேன்.

போன பிப்ரவரியில் கடற்கரைச் சாலை மண்டபத்தில் சாயங்காலக் கச்சேரி. கரகரப்பிரியா ராகத்தை ப்ளூஸோடு குழைத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் தனியாக ஊதத் தொடங்கிய நாலாவது நிமிடம் காந்தார சுரம் கீழே சரிந்தது. அப்படிச் சரித்து ஊதச் சொல்லி இரண்டு வருடம் கெஞ்சியிருக்கிறேன், ஒருநாளும் மசிந்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

நானும் அதே சுரத்தைச் சரித்து அவர் பின்னால் போனேன். முத்துச்செல்வம் தாளத்தைத் தளர்த்தினான். அண்ணனின் உதட்டோரம் காற்று ஒழுகும் சத்தம் கேட்டது. அதையும் சாக்ஸபோனில் ஊதிக் காட்டினேன். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பதினோரு நிமிடம் அப்படியே வாசித்தோம். முதலில் நாகசுரம் விழுந்தது, பிறகு அவர்.

பக்கவாதம். உயிர் தப்பியது. இடது கை தூக்க முடியவில்லை, தண்ணீர் கொடுத்தால் பாதி வழிந்துவிடுகிறது. இனி ஊத முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தனி வாசிப்பை யாரோ எடுத்த வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். பெங்களூரிலிருந்து ஒருவர் போன் செய்து, அதே மாதிரி அங்கேயும் வந்து வாசிக்க வேண்டும் என்றார். அவர் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. நெரிக்க வேண்டிய கழுத்து என்னுடையது.

நேற்று பக்கத்து ஊர் புதுக்கோட்டையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். மதினி போனில் அந்த வீடியோவை ஓடவிட்டு, எந்த இடத்தில் அவருக்கு வந்தது என்று காட்டச் சொன்னார். தெரியாது என்று சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. நாலாவது நிமிடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"வாய் கோணுதே தம்பி. நீங்க பக்கத்துலதான நிக்கிய. பாக்கலியா?"

"பாத்தேன்."

"பெறவு ஏன் நிப்பாட்டல?"

"நல்லா இருந்துச்சு, மதினி."