மூன்று படிக் கொடி

மலேசியாவில், ஈப்போ கால்பந்து ஸ்டேடியம் வாசலில் காவலர் பத்துமலை எங்கள் பேராக் மாநிலக் கொடியைத் தடுத்தார். "கம்பும் கூடாது, பெரிய கொடியும் கூடாது. பாதுகாப்புக்குத்தான்லா."

கம்பைக் கீழே போட்டேன். "பீடோர்லேருந்து லாரியில வாரோம் அண்ணே. வெறும் துணி யாரு மண்டைய உடைக்கும்?"

அவர் அசையவில்லை. உள்ளே கூட்டம் இரைந்தது.

அந்தக் கொடி என் வெள்ளை வேட்டி, பக்கத்து வீட்டு ராக்காயி அக்காவின் தைப்பூச மஞ்சள் சேலை, என் மனைவி ஐவி பெரிய வெள்ளிக்கிழமைக்குக் கட்டும் கறுப்புச் சேலை மூன்றையும் சேர்த்துத் தைத்தது. மறுபடி கட்ட வேண்டுமே என்று நூலோட்டம் மட்டும்தான் போட்டிருந்தோம். ஐவி நூல்முனையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள்; மூன்றும் தனித்தனியாகப் பிரிந்தன. அவரவர் துணியைப் போட்டிருந்த உடுப்பின் மேலேயே சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினோம்.

மேல்படியில் நான், நடுப்படியில் அக்கா, கீழ்ப்படியில் ஐவி. வெள்ளை, மஞ்சள், கறுப்பு. பேராக் முதல் கோல் அடித்ததும் மூவரும் ஒன்றாகக் குதித்தோம். எதிர்ப்பக்கக் கூட்டமே எங்களைக் காட்டிக் கத்தியது.

பத்துமலை படியேறி வந்தார். எதைப் பறிப்பது என்று தெரியாமல் மேலும் கீழும் பார்த்தார்.

"நாங்க சேலைதான் கட்டியிருக்கோம் தம்பி," என்றார் ராக்காயி அக்கா. "இதையும் அவுக்கணுமா?"