சுட்ட மண்ணில் பூத்தது

"என் கேக் ஓவன்ல எந்த ஊரு மண்ணைப் போட்டு சுட்டே? அதைச் சொல்லு மொதல்ல," என்று குளோரியா போட்ட சத்தத்தில், பெங்களூர் தொம்மலூரின் அந்தச் சந்தில் சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன.

"வெறும் மண்ணுதான் ஆன்ட்டி. கழுவிக் குடுத்துட்டேனே," என்றாள் ஜோசஃபின்.

"கிறிஸ்மஸ் கேக்குல மண்ணு வாடை வந்தா ஃபாதருக்கு நீயா பதில் சொல்வே?"

குளோரியா வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் ஜோசஃபின், பல்கலைக்கழகத்தில் தாவரவியல் தற்காலிக விரிவுரையாளர். பாழான நிலத்தை அதன் சொந்தச் செடிகளைக் கொண்டே மீட்பது எப்படி என்பது அவள் பாடம். வேலை நிரந்தரமானால்தான் தன் மகன் டேரிலுக்கு அவளைக் கட்டிவைப்பது என்று குளோரியா முடிவு செய்திருந்தாள். டேரிலை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பான்.

அந்த வேலையோ, சந்தாபுரா பக்கம் ஒரு பில்டர் பல்கலைக்கழகத்துக்குத் தானமாகக் கொடுத்த பாழ்நிலத்தை நம்பி இருந்தது. ஜோசஃபின் அதில் ஒரு பகுதியை டிரே அளவுக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு டிரே மண் எடுத்து வந்து, மொட்டைமாடியில் கொசுவலைக்குள் நனைத்து வைத்திருந்தாள். மண்ணுக்குள் தூங்கும் விதைகள் எழுந்து, அங்கே முன்பு என்ன வளர்ந்தது என்று காட்டிவிடும். மூலைக் கட்டத்து மண்ணை மட்டும் ஓவனில் சுட்டாள். சுட்ட மண்ணில் விதை பிழைக்காது. அதிலும் முளைத்தால் வெளியிலிருந்து வந்தது என்று அர்த்தம்.

அவள் எதிர்பார்த்தது புல். வந்தது நித்தியகல்யாணி, கல்லறை ஓரங்களில் நடுகிற அதே ரோஸ் பூ. சில டிரேக்களில் நெருக்கமாக, மற்றவற்றில் ஒன்றுகூட இல்லாமல். வெளிநாட்டுக் களை என்று பிடுங்கிப் போட்டாள். அதே டிரேக்களில் மறுபடி வந்தது.

அன்று சாயங்காலம், சமாதானம் பேசுகிற சாக்கில் வேவு பார்க்க குளோரியா மாடியேறினாள். ஜோசஃபின் டிரேக்களை நிலத்தில் இருந்த வரிசைப்படியே தரையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்ததும் குளோரியா சிலுவை போட்டுக்கொண்டாள். பூக்கள் ஆள் நீளத்துக்கு, பக்கம் பக்கமாக, எல்லாம் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தன. மூலையில் ஒன்று தொட்டில் அளவு. அதன் தலைமாட்டில் ஒரு டிரே இடம் காலி.

"அங்க என்ன வரணும்?"

"ஓவன்ல சுட்டது."

அது சுவரோரம் வலைக்குள் தனியே இருந்தது. அதில்தான் பூ அதிகம்.

நிலம் போனால் வேலை போகும், வேலை போனால் சம்பந்தம் போகும் என்பது குளோரியாவுக்கு உடனே புரிந்தது. "சும்னே, பேசாம எல்லாத்தையும் கொட்டிடும்மா. ஏரிக்கரைப் புல்லை நட்டுக் காட்டு. யாருக்குத் தெரியப்போவுது?"

ஜோசஃபின் சுட்ட டிரேயைத் தூக்கி வந்து காலி இடத்தில் வைத்தாள். துளி காற்றில்லை. ஆளில்லாத கொசுவலை மட்டும், உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல, மெல்ல உப்பி அடங்கியது.

நேர்முகத் தேர்வில் அவள் டிரேக்களை அதே வரிசையில் பரப்பி, அது மயானம், அங்கே தோண்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள். வேலை மதியழகன் என்பவருக்குப் போனது. அவர் நட்ட கன்றுகள் அந்தக் கட்டங்களில் மட்டும் பிடிக்கவில்லை. மறுவருஷமே கல்யாணம் செய்துகொண்டு மைசூருக்கு மாறிப் போனார். டேரில் முதல்முறையாக அம்மா முகத்தைப் பார்க்காமல் ஜோசஃபினைக் கட்டிக்கொண்டு கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டான். குளோரியா வீட்டை வாடகைக்கு விட்டு, ஓவனை அங்கேயே விட்டு, பீன்யாவில் தங்கையோடு இருக்கிறாள். ஓவன் கதவிடுக்கில் ரோஸ் நிறத்தில் ஏதோ எட்டிப்பார்க்கிறதே என்று குடிவந்தவர்கள் கேட்டனுப்பினார்கள். ஊர் விஷயமெல்லாம் கேட்காமலே சொல்கிறவள், அதற்கு மட்டும் பதில் அனுப்பவில்லை.