இரண்டாவது எண்

தையல்காரம்மா தன் நாய் மந்திரியைத் தூக்கிக்கொண்டு வந்தபோதே லேப் பெண்ணுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மந்திரி வழக்கமாகக் கிளினிக் வாசலிலேயே சண்டித்தனம் செய்வான். இரண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டும். இன்று கழுத்து தொங்கியது.

"என்ன, மந்திரிக்குப் பதவி போயிடுச்சா?" என்று டாக்டர் ஆரம்பித்தார். ஒரு வேலையும் செய்யாமல் தொப்பை வளர்த்ததால் வந்த பேர் அது. தொப்பைக்குக் காரணம் சோம்பல் இல்லை, உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரப்பது என்று பிறகுதான் தெரிந்தது. பேர் மட்டும் நிலைத்துவிட்டது.

"ரெண்டு நாளா வாந்தி டாக்டர். தண்ணிகூட தங்கல. காலைல எழுந்திரிக்கவே இல்ல."

டாக்டர் ஈறை அழுத்திப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "நீங்க வெளிய உட்காருங்கம்மா."

போன வாரம் மந்திரியின் ரத்தத்தைச் சோதித்தது லேப் பெண்தான். மூலையில் இருக்கும் மெஷினில் ஓட்டியபோது கார்டிசால் குறைவாக வந்தது. கார்டிசாலைக் குறைக்க அவனுக்குக் கொடுத்துவரும் மாத்திரை இந்த அளவே போதும், கூட்டினால் ஆபத்து என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்து டாக்டர் கதவிடுக்கில் தலையை நீட்டி, "கூடத்தான் இருக்கும். தொப்பை இன்னும் குறையலையே" என்றார்.

அவள் மறுபடி ஓட்டினாள். இந்த முறை அதிகமாக வந்தது. அந்த மெஷின் சில நேரம் அப்படித் தடுமாறும். இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால் மீதி ரத்தத்தை வெளி லேபுக்கு அனுப்ப வேண்டும் என்பது கிளினிக்கின் வழக்கம். அதற்கு அவரிடம் போய், நீங்கள் நினைத்தது சரியாக இல்லாமல் இருக்கலாம் என்று சொல்ல வேண்டும். அவள் இரண்டாவது எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

"நான் சொல்லல?" என்று மாத்திரையைக் கூட்டினார். அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. இப்போது மேசையில் மந்திரியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கார்டிசால் ஒரேயடியா இறங்கின மாதிரி இருக்கு" என்றார் டாக்டர், பாதி தனக்குத்தானே. "ஆனா உன் ரிசல்ட் அப்படி இல்லையே. கார்டிசால் அவ்வளவு கூட இருக்கிறவனுக்கு, அதே வேலையச் செய்யற ஸ்டீராய்டு போட்டா வம்பு. வேற ஏதோ தொற்றுதான்." ஆன்டிபயாடிக் பாட்டிலை எடுத்தார்.

"சார்..."

"என்ன முணுமுணுக்கிற? சத்தமா பேசினா வரி போடுவாங்களா?"

"ரெண்டு தடவ ஓட்டினேன் சார். முதல் தடவ குறைவா வந்துது. உங்ககிட்ட சொல்லல."

அவர் அவளைப் பார்த்தார். பாட்டிலைக் கீழே வைத்தார்.

"வெளி லேபுக்கு ரத்தம் எடு. அப்புறம் ஸ்டீராய்டு, சலைன். சீக்கிரம்."

நரம்பு கிடைப்பது கஷ்டமாக இருந்தது. ஊசி ஏறும்போது மந்திரி காலை இழுக்கக்கூட இல்லை. சலைன் இறங்கத் தொடங்கியதும் டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன் சார்."

தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடா அப்படியே கிடந்தது. வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். போன வார ரிசல்ட் தப்பு என்று கேட்டதும், "மெஷின் தப்பா காட்டிடுச்சா கண்ணு?" என்றார்.

தலையை ஆட்டினால் போதும். தப்பித்துவிடலாம்.

"மெஷின் ரெண்டு விதமா காட்டுச்சும்மா. ஒண்ண நான் மறைச்சிட்டேன். அதனாலதான் மருந்து அதிகமாப் போச்சு."

தையல்காரம்மா நாடாவை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"பிழைச்சுக்குவானா?"

"இன்னும் தெரியலம்மா. மருந்து ஏறிட்டிருக்கு."

பிறகு, அவளைப் பார்க்காமலே, "நேத்து மாத்திரையத் துப்பித் துப்பிப் போட்டான்" என்றார். "நான்தான் வாயப் பொத்தி முழுங்க வச்சேன். சொன்ன பேச்சு கேக்க மாட்டியான்னு ஒரு அடி வேற வச்சேன்."

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்காரலாமா என்று தெரியாமல் அவள் நின்றுகொண்டிருந்தாள்.