கொசுக்களுக்கு லீவு இல்லாத வருஷம்

என் மனைவி சுந்தராம்பாள் தன் உடம்பில் அம்மன் இறங்கிவிட்டதாக அறிவித்தபோது நான் அப்பளம் பொரிக்க எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்திருந்தேன்.

“அடுப்ப அணைய்யா. ஊட்ல அம்மா வந்துகிறா, எண்ண காச்சிக்கினு நிக்கிறியே.”

கையை நீட்டிக் காட்டினாள். முழங்கை வரை சிவப்புப் புள்ளிகள். நெருப்பாய்க் காய்ந்துகொண்டிருந்த உடம்பு அன்று காலைதான் தணிந்திருந்தது. அம்மையும் அப்படித்தான், முதலில் காய்ச்சல், பிறகு முத்து, முத்து வெளியே வந்ததும் சூடு இறங்கும். அவளுக்குச் சந்தேகமே இல்லை. கட்டிலைச் சுற்றி வேப்பிலையைப் பரப்பச் சொல்லிவிட்டு, அரசாங்க விருந்தாளியை வரவேற்றவள் போலப் படுத்துக்கொண்டாள்.

எனக்குக் கொசுக்களின் மேல் சந்தேகம். எங்கள் நகரி பக்கத்துக் கொசுக்களை நான் சின்ன வயதிலிருந்து அறிவேன். முன்பெல்லாம் அவற்றுக்கு வருஷத்தில் இரண்டு லீவு. கத்திரி வெயிலில் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு திருமலைக்கு ஏறிவிடும். மார்கழிக் குளிரில் சுவரோரம் ஒடுங்கிக் கிடக்கும். இப்போது சித்திரையில் மழை கொட்டுகிறது, மார்கழியில் வியர்க்கிறது. லீவு ரத்து. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனிபோல ஷிஃப்டு போட்டு வேலை செய்கின்றன. பகல் ஷிஃப்டில் வரும் கொசுவுக்குக் காலில் வெள்ளைப் பட்டை. போன வாரம் அதில் ஒன்று என் தோளில் உட்கார்ந்து, கடிக்காமல் அப்படியே தூங்கிவிட்டது. ஓவர்டைம். பாவம் என்று விட்டுவிட்டேன்.

இதைச் சுந்தராம்பாளிடம் சொன்னபோது, “கொறட்ட உட்டுச்சா?” என்று கேட்டாள். நான் சொல்லும் எதையும் அவள் கல்யாணமான நாளிலிருந்து நம்பியதில்லை. ஆனால் முடியும்வரை கேட்பாள். நடுவில் கேள்வியும் கேட்பாள். அதற்கும் நான் பதில் வைத்திருப்பேன்.

சுகாதாரப் பணி பார்க்கும் பத்மினி வீடு வீடாக வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். அங்கே எங்கள் அம்மன் கங்கம்மாவுக்கென்று மஞ்சள் பூசிய தண்ணீர்ப் பானை இருந்தது. திருப்பதியில் அவள் ஜாத்திரைத் திருவிழா முடியும்வரை அதைக் கவிழ்க்கக் கூடாது. குறைந்தால் வெள்ளிக்கிழமை நிரப்பலாம். வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீரைக் கொட்டிக் காயவைக்கச் சொல்வது பத்மினியின் வேலை. இந்தப் பானையின் விஷயத்தில் அவளுக்கும் சுந்தராம்பாளுக்கும் பழைய பகை.

“எம்மா, உள்ள பாரு, புழு நெளியுது. எல்லாம் கொசுவாவும்.”

“அவ படைச்ச ஜீவன். நீ யாரு கொட்ட?” என்றாள் சுந்தராம்பாள் கட்டிலில் இருந்தபடியே.

பத்மினி உள்ளே வந்து புள்ளிகளைப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டதும் சுந்தராம்பாள் முகத்தைச் சுளித்தாள். வாயைத் திறக்கச் சொன்னாள். ஈறோரம் ரத்தம் கசிந்திருந்தது. பத்மினி என்னை வெளியே இழுத்துவந்தாள்.

“பெத்தநைனா, இது அம்ம காது, அம்மையே இல்ல. டெங்கு. ஜுரம் கொறஞ்சா தப்பிச்சோம்னு நெனைக்காத, இப்பதான் பயமே. இன்னும் தாமதிச்சா ஆளு தக்காது. கோவர்த்தனன் ஆட்டோவ இட்டாறேன். திருப்பதிக்கு இட்டுனு போ.”

“அம்மா வந்த உடம்பு வாசப்படி தாண்டாது,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஊசி பட்டா அவ கோச்சிக்குவா.”

பத்மினி ஆட்டோவுக்கு ஓடினாள். நான் கொல்லைப்புறம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“கங்கம்மாவ பாத்தேன்,” என்றேன்.

“எங்க?”

“புத்தூர் பஸ்ல. ஜாத்திரைக்குப் போய்க்கினுகிறா. பொம்பளைங்களுக்கு டிக்கெட் கெடையாதுன்னு ஏறிட்டா. கண்டக்டர் ஆதார் கேட்டான், சூலத்தக் காட்னா. என்னப் பாத்து, சுந்தராம்பா ஊட்டுக்கு இந்த வருசம் நான் வர்லியே, எவளோ எம்பேரச் சொல்லிப் படுத்துக்கினுகிறாளாமே, ஆஸ்பத்திரிக்கு அனுப்புன்னா.”

சுந்தராம்பாள் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னா பொடவ கட்டியிருந்தா?”

சாதாரண நாளாயிருந்தால் கரையில் எத்தனை மயில் என்பது வரை சொல்லியிருப்பேன். அவள் உதட்டோரம் நூல்போல ஒரு சிவப்புக் கோடு இறங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பச்ச,” என்றேன். “இல்ல, மஞ்ச.”

“மூக்குத்தி எந்தப் பக்கம்?”

“தெரியல.”

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“யோவ், பொய்யி கூட வர்லியா உனக்கு?”

நான் துண்டு நுனியால் அவள் உதட்டோரத்தைத் துடைத்தேன்.

“அவ்ளோ பயமாகீதா?”

வெளியே ஆட்டோ வந்து நின்றது. சுந்தராம்பாள் கையை நீட்டினாள். “தூக்கி உடு. செருப்ப எடுத்தா.” படியில் நின்று வேப்பிலையைப் பார்த்துச் சொன்னாள்: “தாயே, கோச்சிக்காத. இந்த ஆளு பயந்துக்கினான், காட்டினு வந்துர்றேன்.”

திருப்பதி ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். கையில் சலைன் ஏற்றினார்கள். இவளைக் கடித்த கொசு வேறொருவருக்குக் கொண்டுபோகக் கூடாதென்று கட்டிலுக்கு வலை கட்டினார்கள். நாளை வரை எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். என்னிடம் கதை கேட்கும் நிதானம் அவருக்கு இல்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். மின்விசிறிக் காற்றில் நீல வலை உப்பி உப்பி அடங்கியது. உள்ளே அவள் அசையாமல் கிடந்தாள்.

அன்று சாயங்காலம் கரண்ட் போயிற்று. விசிறி மெல்லச் சுற்றி நின்றது. வலை தளர்ந்து அவள் முகத்தின்மேல் படிந்தது. வார்டில் சத்தமே இல்லை. நான் எழுந்து குனிந்து பார்த்தேன். அவள் வாய்க்கு நேரே, காசளவு இடத்தில் மட்டும், வலை லேசாக உள்ளே போய், வெளியே வந்தது.