உட்காரச் சொல்லாத பாடவேளை

மேல்நிலைப் பள்ளியின் மாடியில், படிக்கட்டுக்கு அடுத்த பத்தாம் வகுப்பு அறையில், ஜன்னலோர மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் முப்பது வருடத்துக்கும் மேலாக நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. நிற்கத் தொடங்கியபோதும் பதினைந்துதான். அதற்குப் பிறகு பெஞ்சுகள் மூன்று முறை மாறின, சீருடை நீலத்திலிருந்து பச்சைக்குப் போனது, கரும்பலகை வெள்ளைப் பலகையானது, அவளுக்கு மட்டும் வயது ஏறவில்லை, நீலச் சீருடையும் கசங்கவில்லை. புது பெஞ்சு போட வந்த தச்சர் முதல் தடவை மட்டும் கொஞ்சம் திகைத்தார். பிறகு அவள் நிற்கும் அளவுக்குப் பலகையில் ஓர் இடம் வெட்டிவிட்டு, கூலியில் அதற்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்.

இது ஆரம்பித்தது இயற்பியல் ஆசிரியரின் கடைவாய்ப் பல்லால். அவர் பல் பிடுங்கப் போன அன்று, வேலை கேட்டு வந்து வராந்தாவில் காத்திருந்த ஓர் இளம்பெண்ணைத் தலைமை ஆசிரியர் பார்த்தார். "சும்மா ஒரு பீரியடு பாத்துக்கோம்மா, வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்று அவளை வகுப்புக்குள் தள்ளிவிட்டார். நாற்பது முகங்களைப் பார்த்ததும் அவளுக்குப் படித்ததெல்லாம் மறந்துபோய், எங்கிருந்தோ ஒரே ஒரு கேள்வி மட்டும் வாயில் வந்தது: "எல்லாத்தையும் கீழ இழுக்குது பூமி. அப்ப நிலா மட்டும் ஏன் விழல?" யாரும் கை தூக்கவில்லை. அவள் மூன்றாவது பெஞ்சைக் காட்டினாள். அங்கே உட்கார்ந்திருந்த பெண் எழுந்து நின்று யோசித்தாள். ஜன்னலுக்கு வெளியே அன்று பகலிலேயே நிலா வெளுத்துத் தெரிந்ததாக அந்த வகுப்பில் படித்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது. தப்பித்தோம் பிழைத்தோம் என்று தற்காலிக டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினவள்தான், வேலையைப் பற்றிப் பேசக்கூட அந்தப் பக்கம் வரவில்லை. எழுப்பியவர் உட்காரச் சொல்லும்வரை உட்காரக் கூடாது என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். எல்லாப் பள்ளிகளிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் இந்தப் பெண் சொன்ன பேச்சைத் தட்டாதவள் என்று வீட்டில் பெயர் வாங்கியவள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கும் போனாள், வகுப்பிலும் நின்றாள். வீட்டில் நின்றபடியே சாப்பிட்டாள். "உட்காந்து சாப்பிட்டா என்ன, குடியா முழுகிடும்?" என்று அவள் அம்மா திட்டியதற்கு, "முழங்கால் மடங்க மாட்டேங்குதும்மா" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் பள்ளிக்கு வந்தவள், தான் ஏற்கனவே அங்கே நிற்பதைப் பார்த்து வெட்கப்பட்டு, கடைசி பெஞ்சுக்குப் போய் நின்றுகொண்டாள். வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்த இயற்பியல் ஆசிரியர் இருவரையும் உட்காரச் சொன்னார். தலைமை ஆசிரியர் சொன்னார், கெஞ்சினார், அதட்டினார். விளையாட்டு வாத்தியார் மூன்றாவது பெஞ்சுக்காரியின் தோளை அழுத்திப் பார்த்தார்; சுவரை அழுத்துவதுபோல் இருந்ததாம். எழுப்பியது யாரோ அவர்தான் உட்காரச் சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் அந்த ஒரு பீரியடு டீச்சரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

நாளடைவில் பள்ளிக்கு அவள் பழகிப்போனாள். நிக்கிற அக்கா என்று பெயர் வைத்தார்கள். ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரி, "அந்தப் பொண்ணு ஏன் நிக்குது?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னதும் காலணியைக் கழற்றி வாசலில் விட்டு வந்து மீதிப் பாடத்தைக் கவனித்தார். ஒவ்வொரு வருடமும் வகுப்புப் படத்தை அந்த அறையிலேயே எடுத்தார்கள். அதனால் ஊரில் பாதி வீடுகளின் சுவரில் அவள் முகம் இருக்கிறது. படித்து முடித்துப் போனவர்கள் தலை நரைத்த பிறகு மனைவி மக்களோடு வந்து வாசலில் நிற்பார்கள். தங்களோடு படித்த பிள்ளைகளெல்லாம் மூலைக்கொருவராகப் போய்விட, அவள் மட்டும் அன்று பார்த்த அதே கண்ணோடு பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். லாரி ஓட்டுகிற ஒரு முரட்டு ஆள் ஒருமுறை அப்படி வந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எதற்கு அழுதீர்கள் என்று கேட்டவர்களுக்கு, "நாங்கல்லாம் இங்க நிஜமாவே இருந்தோம்யா, அதுக்கு அவதான் சாட்சி" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

வீட்டுக்குப் போன பெண் மற்றவர்களைப் போல வளர்ந்தாள். ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். துணியை அடுக்கடுக்காக விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு வெட்டுகிற நீளமான மேசை அது. வேலை முழுக்க நின்றபடிதான். அவளுக்கென்றே செய்து வைத்ததுபோல் இருந்தது. சீக்கிரமே கட்டிங் மாஸ்டர் ஆனாள். பெண் பார்க்க வந்தவர்களில் பலரும், உட்கார மாட்டாளாமே என்று எழுந்து போனார்கள். கடைசியில் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். நாள் முழுக்க நிற்கிற மனிதர், இதில் என்ன குறை என்றே அவருக்குப் புரியவில்லை. கல்யாணம் நடந்தது, மகள் பிறந்தாள். கட்டிங் மாஸ்டரால் நிற்க முடியும், நடக்க முடியும், படுக்கவும் முடியும். உட்கார மட்டும் முடியாது. படுத்தாலும் கெண்டைக்கால்கள் விறைத்தே இருந்தன, ஏனென்றால் மூன்றாவது பெஞ்சில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அங்கே நிற்பவள் பார்ப்பதும் கேட்பதும் இவளுக்கு வந்துகொண்டே இருக்கும். கத்தரி ஒரு பக்கம் ஓடும், காதுக்குள் வகுப்பு நடக்கும். பள்ளிக்கூட நாட்களைத் திரும்பிப் பார்ப்பதாக மற்றவர்கள் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு அது திரும்பாமலே தெரிந்தது. ஜன்னல் வழியே பெஞ்சில் விழும் வெயில், முன்னால் இருக்கிறவளின் பின்னலில் அவிழ்ந்த ரிப்பன், பரீட்சைக்கு முந்தின அமைதி, யாரோ ஒருத்தி அடக்கிய சிரிப்பு மொத்த வகுப்புக்கும் பரவுவது. எத்தனை வருடம் பார்த்தாலும் அவளுக்கு அது அலுக்கவில்லை. ஒருவர் விடாமல் எல்லாப் பிள்ளைகள் மேலும் அவளுக்கு ஒரு பிரியம் இருந்தது. எந்தப் பிள்ளையைப் பற்றியும் எந்த வீட்டிலும் கோள் சொன்னதில்லை.

மகள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது அவளுக்குக் கிடைத்த இடம் ஜன்னலோர மூன்றாவது பெஞ்சு. தன் வயதில், தன் மூக்கோடு, பக்கத்தில் நிற்பவள் யாரென்று அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். கூச்சத்தில் அவளும் மற்றவர்களைப் போல அக்கா என்றே கூப்பிட்டாள். அம்மாவின் கண் பக்கத்திலேயே இருந்ததால் மகளால் காப்பியடிக்க முடியாது, தூங்க முடியாது, ஒரு துண்டுச் சீட்டை அடுத்த பெஞ்சுக்கு அனுப்ப முடியாது. ஆனால் கணக்குப் பரீட்சையில் மதிப்பெண் குறைந்த அன்று, யாரும் பார்க்காத நேரத்தில், நிக்கிற அக்காவின் தொங்கிய கையில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டாள். கை அசையவில்லை. தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, தன் உள்ளங்கையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

அந்த வருடம்தான் அவள் காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, கணுக்காலுக்கு மேல் ஆறாத புண் வந்தது. மகள் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இன்னும் ஒரு வருஷம் இப்படியே நின்னா காலை எடுக்க வேண்டி வரும்" என்றார். ஆனால் அன்றைக்கு நடந்த பெரிய விஷயம் அதற்கு முன்பே, வாசலில், வரவேற்பு மேசையில் நடந்துவிட்டது. அங்கே இருந்த பெண்மணி யாரையும் நிற்க விடாதவர் என்று பெயரெடுத்தவர். வழி கேட்க வந்தவரும் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். நாற்காலி போதவில்லை என்று தன் வீட்டு நாற்காலிகளையே கொண்டுவந்து போட்டிருந்தார். "யாராவது நின்னா எனக்கு மனசு பதறுது, ஏன்னு தெரியல" என்பார். அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டோமோ என்ற நினைப்பு அவருக்கு எப்போதும் உண்டு. மத்தியானம் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார். அடுப்பு அணைந்தே இருக்கும்.

"உட்காருங்கம்மா" என்றார் அவர். கட்டிங் மாஸ்டரின் முழங்கால் மடங்கியது. முப்பது வருடத்தில் முதல் தடவை. அவள் பதறிப்போய் மேசை விளிம்பைப் பிடித்து நிமிர்ந்துகொண்டாள். மகள் பார்த்துவிட்டாள். மறுநாள் வகுப்பில் தோழிகள் ஓடி வந்து, "நேத்து நிக்கிற அக்கா ஒரு தடவை தடுமாறி டெஸ்க்கைப் பிடிச்சாங்கடி!" என்றார்கள். அந்த வரவேற்புப் பெண்மணி யாரென்று தெரிந்துகொள்ள மகளுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய சண்டை. அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே கூடாது என்றாள் அம்மா. "நான் கிளாஸ்ல உட்காந்துட்டா எல்லாம் போயிடும். உன்னை யாருடி பாத்துப்பா?"

"காலு போயிடும்மா."

"போகட்டும். அந்த ஜன்னல், அந்தப் பசங்க… அங்க மட்டும்தான் எனக்கு மூச்சு முட்டாம இருக்கு."

மகள் சொன்னாள்: "அங்க எல்லாத்தையும் பாக்குற. இங்க என்னைக்காவது ஒரு வார்த்தை கேட்டிருக்கியா, இன்னைக்கு ஸ்கூல்ல என்னடி நடந்ததுன்னு? எல்லார் வீட்லயும் கேக்குறாங்கம்மா. நான் சொல்றதுக்கு நீ எதையுமே மிச்சம் வைக்கல."

கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுநாள் காலை மகள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வரவேற்புப் பெண்மணி நாற்காலியை இழுத்துப் போட்டார். மகள் உட்கார்ந்து, "மேடம், நீங்க எப்பவாவது டீச்சரா இருந்தீங்களா?" என்று கேட்டாள். "நானா? ஒரே ஒரு பீரியடு. பயந்து ஓடி வந்துட்டேன்" என்று சிரித்தார் அவர். "அன்னைக்கு யாரையாவது நிக்க வச்சீங்களா?" சிரிப்பு அப்படியே நின்றது. அவர் மெல்ல எழுந்தார். மேசையிலிருந்த எதையும் எடுத்து வைக்கவில்லை, செருப்பைக்கூட மாட்டவில்லை, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அன்று முதல் அவர் அடுப்பைப் பார்க்க வீட்டுக்கு ஓடியதில்லை.

வகுப்பில் அப்போது இயற்பியல்தான் நடந்துகொண்டிருந்தது. வாசலில் வெறுங்காலோடு ஒரு வயதான பெண்மணி வந்து நின்றதும் ஆசிரியர் பாடத்தை நிறுத்தினார். மகள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண்மணி மூன்றாவது பெஞ்சுவரை நடந்தார். தான் ஒரே ஒரு தடவை பார்த்த முகம், ஒரு நாள்கூட மூப்படையாமல், அதே யோசனையில் இருப்பதைப் பார்த்தார். அவருக்குக் கை கூப்பத் தோன்றியது, கூப்பினார். தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர் இரண்டு கையாலும் மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம், வேண்டாம் என்று அவள் முணுமுணுத்ததைப் பக்கத்து மேசைக்காரி கேட்டாள். பெண்மணி உடனே உட்காரச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வாங்காமல் உட்காரச் சொல்வது மரியாதை இல்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "நிலா ஏன் விழல?" என்று மறுபடியும் கேட்டார்.

நிற்கிறவள் முதல் முறையாகத் தலையைத் திருப்பினாள். மகளைப் பார்த்தாள். மகள் நிமிர்ந்து பார்த்து, அத்தனை பேர் முன்னால், கூச்சமில்லாமல் சொன்னாள்: "சொல்லும்மா."

அவள் சொன்னாள். பதினைந்து வயதுக் குரல் வகுப்பில் கேட்டது, நாற்பத்தைந்து தாண்டிய குரல் தொழிற்சாலையில் கேட்டது, இரண்டு இடத்திலும் வார்த்தை மாறவில்லை. "நிலா விழுந்துகிட்டேதான் இருக்கு டீச்சர். ஆனா விழுறப்பவே முன்னாடியும் போய்க்கிட்டே இருக்கு. அதனாலதான் தரையில மோதாம நம்மளைச் சுத்தி வருது."

"சரியான பதில்" என்றார் அந்தப் பெண்மணி. அவர் முகம் நனைந்திருந்தது. "ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டேன். உட்காரும்மா."

தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர் மேசையிலிருந்து கையை எடுத்தாள், தானாகவேதான் எடுத்தாள். முழங்கால்கள் மடங்கின. பின்னாலிருந்த துணி மூட்டையில் அவள் உட்கார்ந்ததைப் பார்த்த ஒருத்தி தையல் மிஷினை நிறுத்தினாள், அடுத்தவள் நிறுத்தினாள், கடைசியில் கூடம் முழுவதும் ஓசை அடங்கியது. வகுப்பில் நீலச் சீருடைக்காரி மகளை ஒட்டி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் டெஸ்க்கின் மேல் வைத்து, மற்ற பிள்ளைகளைப் போலவே மீதிப் பாடத்தைக் கேட்டாள். மணி அடித்ததும் எல்லோரோடும் சேர்ந்து எழுந்து கதவைத் தாண்டிப் போனாள். வராந்தாவில் அவளை யாரும் பார்க்கவில்லை. தச்சர் வெட்டிய இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. மணி அடிப்பதற்கு முன் யாராவது நின்றுகொண்டிருக்கிறார்களா என்று அந்தப் பள்ளி ஆசிரியர்கள் ஒருமுறை சுற்றிலும் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் மாற்றம்.

சாயங்காலம் மகள் பையோடு வீட்டுக்கு வந்தபோது, அம்மா சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி, தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதுக்குள் எந்த வகுப்பும் இல்லை. அந்த அமைதி அவளுக்குப் புதிதாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. மகளை ஏறிட்டுப் பார்த்தாள். இந்த முகத்தில் தனக்குத் தெரியாத ஒரு சாயங்காலம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"மணி அடிச்சப்புறம் ஸ்கூல்ல என்னடி நடந்தது?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் நடக்கலம்மா" என்றாள் மகள், எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் போல. பிறகு வாசற்படியில் நின்றபடியே ஏதோ நினைத்துக்கொண்டு சிரித்தாள்.

அம்மா பக்கத்துத் தரையைக் கையால் தட்டினாள். "உட்காந்து சொல்லு."