அம்மாவுக்குச் சொன்ன சொல்

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டுவது ஜெயந்தினியின் வேலை. சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் அவளுடைய ஆங்கிலத்தை எல்லாரும் மெச்சத் தொடங்கியிருந்தார்கள். புதிய சொல் எதைக் கேட்டாலும் அன்றைக்கே பேச்சில் போட்டுவிடுவாள். அகராதியைப் புரட்டும் பொறுமை மட்டும் கிடையாது.

அன்று வெள்ளைக்காரர்கள் சிலரை மலைக்கு அழைத்துப் போனபோது, அவளுடைய அம்மா மீனம்மா முன் நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். ஜெயந்தினிக்குப் பெருமை தாங்கவில்லை. தன் அம்மா என்று அறிமுகப்படுத்திவிட்டு, "வெரி டொமெஸ்டிகேட்டட்" என்றாள். வீட்டை அக்கறையாகப் பார்த்துக்கொள்பவள் என்று சொல்வதாகத்தான் நினைப்பு.

ஒருவர் களுக்கென்று சிரித்தார். இன்னொருவர் உயர்த்திய கேமராவைத் தாழ்த்தினார். மீனம்மாவும் எதற்கென்று தெரியாமலே அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

இறங்கி வரும்போது பயணிகளில் ஒரு பெண்மணி ஜெயந்தினியைத் தனியே அழைத்தார். வீட்டு வேலையில் பழகிய ஆளை வேடிக்கையாக அப்படிச் சொல்வதுண்டு என்றார். ஆனால் அது பெரும்பாலும் ஆடு, மாடு, நாய்களுக்கான சொல். காட்டில் திரிந்ததைப் பிடித்துப் பழக்கி, மனிதனுக்கு அடங்க வைத்தது என்று அர்த்தம். "உங்கள் அம்மாவைச் சொல்ல அது வேண்டாமே" என்றார்.

ஜெயந்தினிக்கு முகம் கொதித்தது. மிச்ச வழியெல்லாம் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள்.

மாலையில் அவள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்தபோது, மீனம்மா பக்கத்து வீட்டுப் பிரேமினியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். "எம் மக என்னையப் பத்தி இங்கிலீசுல பேசுனா. வெள்ளைக்காரங்களுக்கு ஒரே சிரிப்பு!"

பிரேமினி போனதும் மகளைக் கேட்டாள். "என்னா சொன்ன புள்ள? எனக்கும் அந்த வார்த்தையச் சொல்லிக் குடு."

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஜெயந்தினியால் அதைச் சொல்ல முடியவில்லை.

"தெரியாமச் சொல்லிட்டேன்மா. பழக்கி வச்ச ஆடு மாட்டுக்குச் சொல்றதாம்."

மீனம்மா அடுப்பில் தேநீருக்குக் கொதித்த கேத்தலை இறக்கி வைத்தாள். "நானும் சேந்து சிரிச்சேனே" என்றாள்.

அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஜெயந்தினிக்கு. மீனம்மா தேநீரை ஊற்றி மகள் பக்கம் நகர்த்தினாள். "எனக்குன்னு ஒரு பேரு இருக்குல்ல. அதச் சொன்னா பத்தாதா?"

மறுநாள் வந்த கூட்டத்திடம் ஜெயந்தினி, "இவர் மீனம்மா, என் அம்மா" என்று மட்டும் சொன்னாள். மீனம்மா நிமிரவில்லை. கைகள் தம்பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தன.

"அவருக்குக் கேட்கவில்லையோ?" என்றார் ஒரு பயணி.

"கேட்டது" என்ற ஜெயந்தினி, தலை குனிந்தபடி முன்னால் நடந்தாள்.